பாதை

குருமண்வெளித் துறையில்
மிதக்கும் இரும்புத் தட்டுக்குப் பெயர் பாதை.
மற்ற ஊர்களில் பாதை கிடக்கும், ஆட்கள் போவார்கள்.
இங்கே ஆட்கள் நிற்போம்,
பாதை போகும்.

ஏழே கால் பயணம்.
ஐந்து மோட்டார் சைக்கிள், ஒரு ஓட்டோ,
மண்டூர்க் கலியாண வீட்டுக்குப் போகும் சமையல் சாமான்,
என் பையில் கிரிம்பரும் ஒரு சுருள் கேபிளும்.
கிடாரத்துக்கு இடம் காணவில்லை.
மூடி மட்டும் ஏறிற்று.
கிடாரம் அடுத்ததில் வரும் என்றார் பூபாலபிள்ளை
மூடியைக் கேடயமாய்ப் பிடித்துக்கொண்டு.

எனக்கு இது புதிதில்லை.
ஒரு படத்தை அனுப்பினால் அது முழுசாய்ப் போகாது.
ஆயிரம் துண்டாகும்.
எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது என்று
ஒவ்வொன்றின் நெற்றியிலும் எழுதி
கிடைத்த பயணத்தில் ஏற்றிவிடும்.
மூடி முந்தும், கிடாரம் பிந்தும்.
அக்கரையில் இலக்கம் பார்த்து அடுக்குவார்கள்.
நாற்பத்தேழைக் காணோமென்றால்
நாற்பத்தேழை மட்டும் திரும்பக் கேட்பார்கள்,
சண்டை இல்லாமல்.

பள்ளிக்கூடத்துக் கணினி அறையில்
எலி கடித்திருந்தது.
தோலை உரித்தேன், எட்டுக் கம்பி.
செம்மஞ்சள் வெள்ளை, செம்மஞ்சள்,
பச்சை வெள்ளை, நீலம்,
நீல வெள்ளை, பச்சை,
மண்ணிற வெள்ளை, மண்ணிறம்.
இரண்டு பச்சைக்கும் நடுவே நீலம் ஏன் புகுந்தது?
யோசித்தால் வரிசை மறந்துவிடும்.
வாய்க்குள் சொல்லிக்கொண்டே நெரித்தேன்.
டிக்.

பிங் அடித்தேன்.
இருக்கிறியா?
நேரம் முடிந்தது.
இருக்கிறியா?
நேரம் முடிந்தது.
பெட்டியின் பின்னால் ஒரு முனை சரியாய் இறங்கவில்லை.
அழுத்தினேன்.
ஓம், இருக்கிறன்,
நாற்பத்தொரு மில்லிசெக்கன்,
மிச்ச ஆயுள் ஐம்பத்திரண்டு.

அறுபத்துநான்கோடு புறப்பட்டது அது.
கைமாற்றிய ஒவ்வொரு ரவுட்டரும்
ஒன்றைக் கழித்துக்கொண்டுதான் வழிவிட்டது.
பன்னிரண்டு கை.
பூச்சியமானால் அந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும்,
அது விதி.
வழி தவறியது ஒன்று
சுற்றிச் சுற்றி அலைந்துகொண்டே இராதபடிக்கு.

அலுவலகத்தில் கையெழுத்து வாங்கப் போனேன்.
லோகநாயகி மிஸ் பேனையைத் திறக்கவில்லை.
"எருவில்ல எங்கட ஒழுங்கைக்கும்
பைபர் இழுக்கிறது நீங்கதானாம்?"
ஓம் என்றேன்.
"பழைய கம்பியைக் கழட்டினா நம்பரும் போயிருமா?"
இல்லை மிஸ், கம்பிதான் மாறும்.
"ஒரு இலக்கமும் மாறாதே?
சமாதானக் காலத்தில எடுத்த லைன்.
தம்பிக்கு அந்த நம்பர் ஒண்டுதான் பாடம்."

தம்பி எங்கே என்று நான் கேட்கவில்லை.
மேசைக் காற்றாடி ஒருமுறை அந்தப் பக்கம் போய்த் திரும்பிற்று.
"எழுதித் தருவீங்களா?"

என் இயந்திரம் நான்கு செக்கன் பொறுக்கும்.
அதற்குமேல் முடிந்தது என்று எழுதிவிட்டு
அடுத்த வரிக்குப் போய்விடும்.

வேலைப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
எருவில் வீட்டு இலக்கம் மாற்றக்கூடாது.
கீழே கோடு இழுத்தேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்,
இன்னொரு கோடும் இழுத்தேன்.
பிறகுதான் பேனையைத் திறந்தார்.

பத்தரைப் பாதைக்குத் துறையில் நின்றேன்.
பூபாலபிள்ளை இன்னும் அங்கேதான்,
மூடி மதிலில் சாய்ந்திருந்தது.
இரண்டாம் பயணத்தில் ஒரு உழவு இயந்திரம் ஏறிவிட்டதாம்.
வாவிக் காற்றில் சிக்னல் வந்து வந்து போயிற்று.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்:

"கேக்குதா மனே?
எனக்குக் கேக்குது, நான் சொல்றது உனக்குக் கேக்குதா?
ஆ, ஓம். சரி.
மறுகா...
கிடாரம் ஏத்தியாச்சா?"